ஜோபி மாயா

மாயாவின் மகள் யசோதரா மூன்று வயது வரைக்கும் துணியே உடுத்தியதில்லை என்று, தங்கச் சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டின ஊரிகம் லைன் வீடுகளில் சொல்வார்கள். அது அபாண்டம். உடுத்தினாள். உடுத்திய சூடு ஆறுவதற்குள் கழற்றினாள், அவ்வளவுதான். மாயா கவுனை மாட்டிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினால், கவுன் தண்ணீர்க் குழாயின் மேல் தொங்கும். யசோ பிறந்த மேனியாக லைனின் கடைசி வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருப்பாள். "மாயா, உன் பொண்ணு டூட்டிக்குக் கெளம்பிட்ச்சி" என்று பக்கத்து வீட்டுக் கங்கம்மா சாவகாசமாகக் குரல் கொடுப்பாள்.

குழந்தை மேல் மட்டும் பழி போட முடியாது. கடையில் விற்கும் கவுன்கள் அப்படி. மேலே பட்டு மாதிரி மினுமினுக்கும், உள்ளே வலைத்துணி உடம்பெல்லாம் கீறும். கழுத்துக்குப் பின்னால் கம்பெனி பெயர் போட்ட துண்டு வேறு குறுகுறுக்கும். மாயாவுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. மாரிகுப்பத்தில் பிறந்தவள். வயசுப் பெண்ணாக இருந்தபோதே விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் கார்மென்ட்ஸுக்குப் போனவள். அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை காலர். காலையில் காலர், சாப்பிட்ட பிறகு காலர், வீட்டுக்குக் கிளம்பும்வரை காலர். சட்டையின் மற்ற பாகங்களோடு அவளுக்குப் பழக்கமே கிடையாது. தேவாவைக் கட்டிக்கொண்டு ஊரிகத்துக்கு வந்த பிறகும் அதே ரயில், அதே காலர். யசோ வயிற்றில் வந்ததும்தான் அந்தக் காலர் கழுத்தை விட்டது.

வேலையை விட்டாலும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு பழைய மெஷினை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒரு கவுனைப் பிரித்துப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று தைத்தாள். அது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மறுபடி பிரித்தாள். இப்படிப் பிரித்துப் பிரித்தே தையல் படித்தாள். யசோ மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து சாக்பீஸைத் தின்றுகொண்டிருப்பாள். வெட்டுவதற்கு விரித்த துணியின் நடுவில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டாள். அவளைச் சுற்றியே கத்தரிக்கோலை ஓட்டக் கற்றுக்கொண்டாள் மாயா.

ஒருநாள் தேவாவின் பழைய சட்டை ஒன்றைக் கவுனாக மாற்றினாள். மார்பில் இருந்த பையை, லைன் பாஷையில் ஜோபியை, பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டாள். யசோ அதை மாட்டிக்கொண்டாள். ஜோபிக்குள் கையை விட்டாள். வெளியே போய் ஒரு கூழாங்கல்லைப் போட்டாள். பிறகு ஒரு பாட்டில் மூடி. அன்றைக்குக் கவுன் குழாய்மேல் தொங்கவில்லை. குளிக்க வைக்கக் கழற்றினபோது, திருடனைப் பிடித்த மாதிரி ஊரைக் கூட்டி அழுதாள். மறுநாளும் அதே கவுன்.

"இன்னா மந்திரம் வெச்ச?" என்று கேட்டாள் கங்கம்மா.

"மந்திரம் இல்லக்கா. ஜோபி வெச்சேன்."

"அப்ப நம்ம பவ்யாவுக்கும் ரெண்டு ஜோபி வெச்சுக் குடு."

பவ்யா கங்கம்மாவின் கடைக்குட்டி. அவளும் துணியைப் பார்த்தால் அழுகிற சாதிதான். அவளுக்குத் தைத்தது அடுத்த லைனுக்குப் போய், அங்கிருந்து ஸ்கெலட்டன் என்று பெயர் வைத்த லைன் பக்கம் ஒரு டீச்சர் வீட்டுக்குப் போய், அந்த டீச்சர் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட, ஆறே மாதத்தில் மாயா ஒரு கம்பெனி முதலாளி ஆகிவிட்டாள். கம்பெனி என்றால் ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக்கடையில் வாங்கும் வெட்டுத்துணி, ஒரு போன். பெயர் ஜோபி. ஒவ்வொரு கவுனிலும் ஜோபியின் விளிம்பில் அந்தப் பெயர் போட்ட சின்னப் பட்டையைத் தைத்தாள். கழுத்தில் தைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

இன்ஸ்டாகிராமில் போடும் படங்களுக்கு யசோதான் மாடல். வேறு யார் இத்தனை மலிவாக வருவார்கள். ஆனால் அவள் சிரிக்க மாட்டாள். போனைத் தூக்கினதும் நாக்கை நீட்டுவாள், இல்லாவிட்டால் முதுகைக் காட்டுவாள். கெஞ்சிப் பார்த்தாயிற்று, மிட்டாய் கொடுத்துப் பார்த்தாயிற்று. நாக்கை நீட்டின படங்களையே மாயா போட்டாள். அதற்குத்தான் ஆர்டர் அதிகம் வந்தது.

கஷ்டம் இல்லாமல் இல்லை. காற்று திரும்பினால், சுரங்கக் கழிவைக் கொட்டின சயனைடு மேட்டிலிருந்து பொடி பறந்து வந்து, அலசிக் காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் பூசிக்கொள்ளும். அவசர ஆர்டர் என்றால் கரண்ட் போகும். தேவா ரயிலில் போய் ரயிலில் வரும் ஆள், பகலில் வீட்டில் இருக்க மாட்டான். இருப்பவர் மாமனார் ரத்தினம். சுரங்கம் மூடும்வரை கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி ஏறினவர். இப்போது பேத்தியைப் பார்த்துக்கொள்வது அவருடைய ஷிப்டு. அந்த ஷிப்டில் பாதியை அவர் தூங்கிக் கழித்தார்.

முதல் வில்லங்கம் ஒரு சின்ன வெங்காயத்தில் ஆரம்பித்தது. ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு அம்மா செய்தி அனுப்பினாள்: கவுன் பிரமாதம், ஆனால் ஜோபிக்குள் எதற்கு ஒரு வெங்காயம்? மாயா திரும்பிப் பார்த்தாள். வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் யசோ ஒரு வெங்காயத்தின் தோலை உரித்துக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் மாயாவின் விரல் வேறு விதமாக ஓடியது. புதுத்துணி போடும் குழந்தைக்குத் திருஷ்டி படக்கூடாது, அதனால் எங்கள் ஊரில் ஜோபியை வெறுமையாக அனுப்புவது வழக்கமில்லை என்று எழுதிவிட்டாள். அந்த அம்மா உருகிப்போனாள். தன் சினேகிதிகளுக்கெல்லாம் சொன்னாள். அடுத்த வாரம் இரண்டு பேர் ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டார்கள்: அந்தத் திருஷ்டி வெங்காயமும் வருமில்லையா?

ரத்தினத்துக்கு இது காதில் விழுந்தபோது மனுஷன் கொதித்துப்போனார். பாபாசாகேப் படமும் புத்தர் படமும் மாட்டின வீடு.

"நம்ம வூட்லயா திருஷ்டி? எங்கப்பாரு தீட்சை வாங்கின நாள்லேர்ந்து ஒரு எலுமிச்சங்கா கட்டுனது இல்ல இந்த வாசப்படில."

"நம்ம வாசப்படில கட்டல மாமா. அவங்க ஜோபில போட்டு அனுப்பறேன்."

"பொய் சொல்லக்கூடாதுன்னு விகாரைல ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம சொல்லிக்குடுக்கறவன் நானு."

"நான் பொய் சொல்லல மாமா. வழக்கம்னு சொன்னேன். இப்ப வழக்கமாயிட்ச்சே."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இந்தச் சமயத்தில்தான் பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்தது. பெங்களூர் ஜெயநகரில் குழந்தைத் துணிக்கடை வைத்திருக்கும் அனுப்ரியா. பேச்சில் பத்து வார்த்தைக்கு எட்டு இங்கிலீஷ். ஜோபி கவுன்கள் பிடித்திருப்பதாகவும், ஒரு வயதுக் குழந்தைக்கு ஆகிற மாதிரி மூன்று சாம்பிள் அனுப்பச் சொல்லியும் கேட்டாள். கடையில் வைத்தால் மாதம் முழுக்க வேலை. மாயா அந்த மூன்று கவுன்களையும் காலர் காலத்துக் கவனத்தோடு தைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்தாள்.

"இது யாருக்கும்மா?" என்று யசோ கேட்டாள்.

"குட்டிப் பாப்பாவுக்கு."

"எவ்ளோ குட்டி?"

"பல்லுகூட இன்னும் சரியா மொளைக்காத பாப்பா."

யசோ கொஞ்ச நேரம் யோசித்தாள். மாயா டேப் எடுக்கப் போனாள். திரும்பி வந்து பார்சலை ஒட்டி, மதியமே கூரியரில் கொடுத்துவிட்டாள்.

சாயந்திரம் ரத்தினம் தூங்கி எழுந்து டம்ளரில் கையை விட்டார். தண்ணீர் இருந்தது. பல்செட்டு இல்லை.

வீடு இரண்டுபட்டது. கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்மில், மெஷினுக்குள், சாக்கடை ஓரத்தில் எல்லாம் தேடினார்கள். எலியின் மேல் சந்தேகம் விழுந்தது. கங்கம்மா தன் வீட்டுப் பூனையின் வாயைத் திறந்தே பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை புத்த விகாரையில் விழா. ரத்தினம்தான் முன்னால் நின்று பஞ்சசீலம் சொல்ல வேண்டும். பல் இல்லாமல் சொல்லிப் பார்த்தார். வார்த்தையை விடக் காற்றுதான் அதிகமாக வந்தது. அதைக் கேட்டு யசோ கைதட்டினாள்.

மறுநாள் காலை இட்லியைப் பிசைந்து விழுங்கிக்கொண்டிருந்த தாத்தாவைப் பார்த்து அவளாகவே கேட்டாள். "தாத்தா, உனக்குத் திரும்பப் பல்லு வேணுமா?"

மாயாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. "எங்க கீது பல்லு?"

"பாப்பாகிட்ட போய்ட்ச்சி. பாப்பாவுக்குப் பல்லே இல்லையாம். தாத்தா கழட்டி வெச்சுட்டாரு. வேணாம்போலன்னு ஜோபில போட்டேன்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் மாயாவை உட்கார வைத்தது. யசோவை அடிக்கக் கை ஓங்கினாள், ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. ரத்தினம் சிரிக்கவில்லை.

கடைக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. 'மேடம், பார்சலைப் பிரிக்காதீங்க, தையலில் ஒரு சின்ன திருத்தம்' என்று செய்தி அனுப்பினாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. அந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே மாயா அன்றைக்கு ஒரு கவுனின் கையை மாற்றித் தைத்தாள். தேவா ராத்திரி வந்து கதையைக் கேட்டு, வாசலில் போய் நின்று தனியாகச் சிரித்துவிட்டு உள்ளே வந்து, "பாவம் அப்பா" என்றான்.

அடுத்த நாள் ரயிலில் தேவாவோடு மூன்று பேரும் ஏறினார்கள். ரத்தினத்தை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் அவர் கேட்கவில்லை. வாயைத் துண்டால் மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். தினமும் போகிற கும்பல், ஆளாளுக்கு என்ன என்று விசாரித்தது. "பல் டாக்டர்" என்றாள் மாயா. அது பொய்யில் பாதிதான். தேவா வேலைக்கு இறங்கிப் போக, மற்ற மூவரும் ஜெயநகருக்குப் பஸ் ஏறினார்கள்.

அது யாரும் சத்தமாகப் பேசாத கடை. மர அலமாரி, மஞ்சள் விளக்கு. அனுப்ரியா மேசைக்குப் பின்னால் இருந்தாள். பக்கத்தில் நின்ற சுனில் என்ற வேலைக்காரன், மாயா தன் பெயரைச் சொன்னதும் ஒரு அடி பின்னால் போனான். மேசைமேல் பார்சல் பிரிந்து கிடந்தது.

"நீங்கதான் மாயாவா? ஹானஸ்ட்லி, ஐ டோன்ட் நோ வாட் டு சே" என்றாள் அனுப்ரியா. "சுனில் பாக்கெட் செக் பண்ணினார். அப்புறம் அரை நாள் லீவ் எடுத்தார். இதுவும் திருஷ்டிக்கா?"

மாயாவுக்கு அந்த வெங்காயம் எத்தனை தூரம் உருண்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. "இல்ல மேடம், அது வந்து" என்று ஆரம்பித்தவளைக் கீழே இருந்து ஒரு குரல் வெட்டியது.

"பாப்பா எங்க? பல்லு அதுக்கு சரியா வந்துச்சா?"

சுனில் வாயைத் திறக்காமல் பின்கட்டைக் காட்டினான். குழாயடியில், ஒரு பூந்தொட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு எலுமிச்சம்பழமும் மிளகாயும் வைத்திருந்தான். தொட்டியைத் தூக்கினால், ஒரு கிண்ணத்தில் பல்செட்டு மஞ்சள் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தது. ரத்தினம் எலுமிச்சம்பழத்தை எடுத்து யசோ கையில் கொடுத்தார். பல்லைக் குழாயில் கழுவினார். துண்டால் துடைத்தார். மாட்டிக்கொண்டு தாடையை இரண்டு முறை அசைத்துப் பார்த்தார். இரண்டு நாள் அடக்கி வைத்த பேச்செல்லாம் அவருக்குள் வரிசையில் நின்றிருக்க வேண்டும். ஆனால் கடைக்குள் திரும்பி வந்து அவர் கேட்டது வேறு.

"ஏம்மா, நீ நம்ம ராபர்ட்சன்பேட்டை பாத்திரக் கடை சௌந்தரராஜன் பொண்ணு தானே? கல்லா மேல ஒக்காந்து ஸ்பூன் அடிச்சிகினு இருப்பியே. நான் ஷிப்டுக்குக் கேரியர் வாங்கினதே உங்கப்பாகிட்டதான்."

அனுப்ரியா சுனிலைப் பார்த்தாள். கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் குனிந்தாள். இங்கிலீஷ் போன இடம் தெரியவில்லை.

"மெதுவாப் பேசுங்க தாத்தா. இங்க நான் பெங்களூர்லயே பொறந்தேன்னு சொல்லிவெச்சிகீறேன்."

"அதுல இன்னா குத்தம்?"

"குத்தம் இல்ல. ஆனா அப்படித்தான் ஆயிட்ச்சி. டீ சாப்பிடறீங்களா?"

டீ வந்தது. மாயா பல்லைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை என்று புரிந்துகொண்டு நேராகக் கவுனுக்கு வந்தாள். அனுப்ரியா கவுன்களை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஆனால் ஒரு நிபந்தனை. தன் கடைப் பெயர்தான் கழுத்தில் இருக்கும். ஜோபி என்ற பட்டை வெளியே தெரியக்கூடாது.

"அது என் பேரு மேடம்."

"புரியுது மாயா. ஆனா கடைன்னா அப்படித்தான். வெளிய தெரியாம இருந்தா போதும்."

மாயா டீயை ஊதி ஊதிக் குடித்தாள். "வெளிய தெரியாது" என்றாள். "கழுத்துல உங்க பேரை மெத்துனு ஒரு துணில போடுங்க. இல்லன்னா கொழந்தைங்க கழட்டிப் போட்டுடும்." யசோ அப்போது அலமாரியிலிருந்த ஒரு குல்லாவுக்குள் எலுமிச்சம்பழத்தை நுழைத்துக்கொண்டிருந்தாள். சுனில் அதை வெளியே எடுக்கத் தைரியம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரத்தினம் பஞ்சசீலம் சொன்னார். நான்காவது சீலம் வரும்போது, பொய் பேசுவதிலிருந்து விலகி நிற்பேன் என்கிற இடத்தில், கண்ணைத் திருப்பி மருமகளை ஒரு பார்வை பார்த்தார். மாயா எல்லோரையும் விடச் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள்.

கொடுத்த வாக்கையும் காப்பாற்றினாள். பெங்களூர் கவுன்களில் ஜோபி என்ற பெயர் வெளியே எங்கும் இல்லை. ஜோபிக்கு உள்ளே, அடியில், போன் நம்பரோடு தைத்திருந்தாள். குழந்தைகள் ஜோபியைச் சும்மா விடுமா. உள்ளே கையை விட்டு வெளியே இழுத்து, நாய் நாக்கு மாதிரி தொங்கவிட்டுக்கொண்டுதான் திரியும். தாய்மார்கள் உள்ளே தள்ளப் போய்ப் படித்தார்கள். இரண்டு மாதத்தில் ஜெயநகரிலிருந்தும் பனசங்கரியிலிருந்தும் நேரடியாகவே போன் வர ஆரம்பித்தது.

அனுப்ரியாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒருநாள் கூப்பிட்டாள். கடையில் யாரும் இல்லை போலும், சொந்தப் பேச்சிலேயே ஆரம்பித்தாள்.

"இன்னா மாயா, வெளிய தெரியாதுன்னு சொன்னே."

"வெளிய தெரியலையே மேடம். உள்ளதான் கீது."

கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாள் என்று மாயா நினைத்தாள். அந்தக் கடை போனால் பாதி வேலை போகும். பேச்சை மாற்றவும் தோன்றவில்லை, மன்னிப்புக் கேட்கவும் மனசு வரவில்லை. ஆனால் அனுப்ரியா அப்பாவின் பேச்சை எடுத்தாள்.

"எங்கப்பா பாத்திரத்துல பேர் வெட்டும்போது அடியில கடை பேரையும் சேத்து வெட்டுவாரு. வாங்கினவங்க கவுத்துக் கழுவும்போதுதான் பாப்பாங்க. ஊர் புத்தி எங்க போவும். அடுத்த லாட்டு எப்ப வரும்?"

"கங்கம்மாக்கா கை பழகிட்டா சீக்கிரம் வரும்" என்றாள் மாயா.

கங்கம்மாவுக்கு இரண்டாவது மெஷின் போட்டாகிவிட்டது. மாயாவின் மெஷினுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, லைனில் நடக்கும் சங்கதிகளை ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே தைக்கிறாள். அவளுக்கு நேர்த்தையல் இன்னும் வரவில்லை. எங்கே ஆரம்பித்தாலும் வளைந்துகொண்டு போகிறது. மாயா இரண்டு வாரம் பிரித்துப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தாள். பிறகு வட்டக் கழுத்துகளை எல்லாம் அவளிடம் தள்ளிவிட்டாள். அதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.